குளூ எம்போலைசேஷனுக்கு மருந்து கலக்குறது எப்படி, கேத் லேப்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு

குளூ எம்போலைசேஷன்னா ரத்தக்குழாய்க்குள்ள பசை விட்டு அத அடைக்குறது. முதல்லயே சொல்லிடுறேன், இது ட்ரெயினிங்ல இருக்குற டாக்டர், டெக்னீஷியன், நர்ஸுக்காக எழுதுனது, சீனியர் பக்கத்துல நிக்காம யாரும் தனியா இறங்க வேணாம்.

நாம யூஸ் பண்றது என்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட், அதாவது நம்ம ஃபெவிக்விக் குடும்பம்தான், மருத்துவத்துக்குன்னு தனியா செஞ்சது. ரத்தத்துல இருக்குற அயனி பட்டதும் கெட்டியாகி குழாய அடைச்சிடும். சலைன் பட்டாலும் அதே கதைதான், காண்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேல ரத்தக்குழாய் தெரியுறதுக்கு விடுற மருந்து) பட்டாலும் அதேதான். பாதி கேஸ் சொதப்புறது இந்த எடத்துலதான், அதனால டேபிள் ரெடி பண்றதுலயே முழு கவனமும் இருக்கணும்.

குளூவுக்கு தனியா ஒரு சின்ன டேபிள் போடுங்க, புது ட்ரேப் விரிங்க, கிளவ்ஸ மாத்திட்டு தொடுங்க. பழைய கிளவ்ஸ் விரல் நுனியில சலைன் ஈரம் ஒட்டியிருக்கும், அதோட சிரிஞ்ச் வாய தொட்டீங்கன்னா அங்கயே வெள்ளையா திரிய ஆரம்பிச்சிடும். அந்த டேபிள்ல சலைன் கிண்ணமே இருக்கக்கூடாது, 5% டெக்ஸ்ட்ரோஸ் (அயனி இல்லாத சர்க்கரை தண்ணி) மட்டும்தான், அந்த கிண்ணத்துல மறக்காம லேபிள் ஒட்டிடுங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி தண்ணியாத்தான் இருக்கும்.

குளூ எக்ஸ்ரேல தெரியாது, அதுக்குத்தான் லிப்பியோடால் சேக்குறோம். அது கசகசா எண்ணெய்ல அயோடின் ஏத்துனது, ஒரு மில்லிக்கு 480 மில்லிகிராம் அயோடின் இருக்கு. தெரியவும் வைக்கும், குளூ செட் ஆகுறத லேட்டாவும் ஆக்கும். ஆனா எண்ணெய் கூடக்கூட கலவை தடிப்பாயிடும், மைக்ரோ கேத்தீட்டர்ல (ரத்தக்குழாய்க்குள்ள விடுற மெல்லிசான டியூப்) தள்ள கஷ்டமா இருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

எவ்ளோ எண்ணெய்னு யாரும் மனப்பாடமா சொல்ல முடியாது, மைக்ரோ கேத்தீட்டர் நுனியில இருந்து காண்ட்ராஸ்ட் விட்டு அது எவ்ளோ வேகமா ஓடுது, எவ்ளோ தூரம் போகணும், வெயின் எப்ப தெரியுதுன்னு பாத்துத்தான் ஆப்பரேட்டர் சொல்லுவாரு. வேகமா ஓடுற ஃபிஸ்டுலான்னா (ஆர்ட்டரியும் வெயினும் நேரா சேர்ந்துட்ட எடம்) குளூ ஒன்னுக்கு எண்ணெய் ஒன்னு, மெதுவா போய் தூரமா நுனி வரைக்கும் இறங்கணும்னா ஒன்னுக்கு மூணு நாலுன்னு எண்ணெய் ஏறும். ஃப்ளோ வேகமா இருக்கும்போது எண்ணெய கூட்டிட்டா குளூ நிக்காம வெயினுக்கு, அங்கிருந்து லங்ஸுக்கு போயிடும், இத சும்மா எடுத்துக்காதீங்க.

கலக்குறதுக்கு பாலிகார்பனேட் த்ரீவே (சிரிஞ்ச்கள இணைக்குற மூணு வழி வால்வு) வேணாம், குளூவும் எண்ணெயும் பட்டா அது விரிசல் விடும், பாலிப்ரொப்பிலீன் சிரிஞ்ச் எடுங்க. போடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி மட்டும் கலக்குங்க, முன்னாடியே கலந்து வைக்காதீங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, கண்ணுல தெறிச்சா பெரிய வம்பு.

அப்புறம் மைக்ரோ கேத்தீட்டர், அதோட ஹப் (சிரிஞ்ச் மாட்டுற பின் முனை) எல்லாத்தையும் டெக்ஸ்ட்ரோஸால நல்லா கழுவணும், உள்ள ரத்தமோ காண்ட்ராஸ்ட்டோ துளி கூட மிச்சம் இருக்கக்கூடாது. குளூ போகும்போது எல்லாரும் ஸ்க்ரீன பாருங்க, குளூ கேத்தீட்டர் நுனிய தாண்டி பின்னாடி வழியுதுன்னு தெரிஞ்ச உடனே நிறுத்தி, சிரிஞ்ச இழுத்து பிடிச்சபடியே கேத்தீட்டர சட்டுனு உருவிடணும், தயங்குனா நுனி ஒட்டிக்கும். உருவுனத திரும்ப உள்ள விடாதீங்க, தூக்கி போட்டுடுங்க, கைடிங் கேத்தீட்டர்ல (மைக்ரோ கேத்தீட்டர் உள்ள போற வெளி டியூப்) இருந்து ரத்தத்த உறிஞ்சி எடுத்து குளூ துணுக்கு ஏதும் நிக்கலன்னு பாத்துட்டுத்தான் அடுத்த காண்ட்ராஸ்ட் ரன்.