எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: முதல் அப்ளிகேஷன் வரைபடம் போடுவது எப்படி?

"இனி நீங்கள்தான் ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்களா? தேடிப் பார்த்தால் 1987இல் வந்த ஜாக்மன் கட்டங்கள், 1995இல் தொடங்கிய டோகாஃப் என்று இந்தத் துறையின் பெரிய வழிமுறைகள் மலைக்க வைக்கும். அதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். நிறுவனத்தில் என்னென்ன அப்ளிகேஷன் ஓடுகிறது, எது எதற்கு டேட்டா அனுப்புகிறது என்ற முதல் வரைபடம் ஒன்று போடுவதற்குத்தான் இந்தப் பதிவு. சர்வர், ஏபிஐ என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை.

படி 1: ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

2021 டிசம்பரில் பல ஜாவா மென்பொருள்களுக்குள் இருந்த லாக்ஃபோர்ஜே என்ற நிரல் தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல இடங்களில் அதை அடைப்பதைவிட, அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதுபோல உங்கள் மேலாளர் உண்மையிலேயே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும்: "இந்த சர்வரை நிறுத்தினால் யார் யாருக்கு வேலை நிற்கும்?" அந்தக் கேள்விக்கு உதவாத எந்தத் தகவலையும் சேகரிக்க வேண்டாம்.

படி 2: எக்செல்லில் பட்டியல்

பெயர், என்ன வேலைக்கு, பிசினஸ் பக்கப் பொறுப்பாளர், டெக்னிக்கல் பொறுப்பாளர், வெண்டர் சப்போர்ட் முடியும் தேதி. இவ்வளவு போதும். ஐடி பிரிவிடம் ஒரு பட்டியல் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காமல் கணக்குப் பிரிவுக்கும் போய் மென்பொருள் என்ற தலைப்பில் யார் யாருக்குப் பணம் போகிறது என்று கேளுங்கள், ஏனென்றால் துறைகள் தங்கள் பட்ஜெட்டிலேயே சந்தா கட்டி ஓட்டுகிற, ஐடிக்கே தெரியாத சங்கதிகள் அங்கேதான் தட்டுப்படும்.

எதை ஒரு அப்ளிகேஷன் என்று எண்ணுவது? தனியாக நிறுத்த முடிந்தாலோ, தனிப் பொறுப்பாளர் இருந்தாலோ அது தனி வரி. பொறுப்பாளர் கட்டத்தில் ஆள் பெயர்தான் வர வேண்டும், "ஐடி டீம்" என்று எழுதக் கூடாது. யாரும் இல்லையென்றால் காலியாகவே விடுங்கள், நிர்வாகத்திடம் முதலில் காட்ட வேண்டியதே அந்தக் காலிக் கட்டங்களைத்தான்.

படி 3: ஆர்க்கியில் ஏற்றுவது

நான் பயன்படுத்துவது ஆர்க்கி. இலவசம், ஓப்பன் சோர்ஸ், இப்படிப்பட்ட வரைபடங்களுக்கென்றே உள்ள ஆர்க்கிமேட் குறிமுறையில் வரையலாம். பவர்பாயிண்டில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓர் அப்ளிகேஷனின் பெயர் மாறினால் இருபது ஸ்லைடையும் நீங்களே திருத்த வேண்டும். ஆர்க்கியில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறிவிடும். விலை உயர்ந்த கருவிகள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் கையால் இரண்டு அப்ளிகேஷன் பெட்டியும் ஓர் அம்பும் போட்டு சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யுங்கள். எலிமென்ட்ஸ் (பெட்டிகள்), ரிலேஷன்ஸ் (அம்புகள்), ப்ராப்பர்ட்டீஸ் (கூடுதல் விவரங்கள்) என்று மூன்று கோப்பு வரும். அதே அமைப்பில் உங்கள் பட்டியலை ஒட்டித் திரும்ப ஏற்றினால் போதும். ID (அடையாள எண்) என்ற நெடுவரிசையை மட்டும் தொடாதீர்கள், அடுத்த முறை ஏற்றும்போது இது பழைய பெட்டிதான் என்று ஆர்க்கி அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

படி 4: அம்பு எந்தப் பக்கம்?

பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சம்பள மென்பொருள் மாதக் கடைசியில் கணக்கு மென்பொருளின் ஏபிஐயைக் கூப்பிட்டுச் சம்பளப் பதிவுகளைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். புரோகிராமர் சம்பளத்திலிருந்து கணக்குக்கு அம்பு போடுவார். ஆர்க்கிமேட்டில் 'சர்விங்' என்ற உறவை எடுத்தால் அம்பு நேர் எதிர்ப்பக்கம், கணக்கிலிருந்து சம்பளத்துக்கு, ஏனென்றால் சேவை கொடுப்பது கணக்கு மென்பொருள். 2016இல் வந்த 3.0 பதிப்புக்கு முன் இதே உறவின் பெயர் 'யூஸ்டு பை', அதனால் பழைய பாடங்களைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். 'ஃப்ளோ' என்பதோ டேட்டா போகும் திசை, இங்கே சம்பளத்திலிருந்து கணக்குக்கு. மூன்று பேர் மூன்று விதமாக வரைந்து ஒரே படத்தில் சேர்த்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

முதல் வரைபடத்தில் ஃப்ளோ மட்டும் போடுங்கள். அம்பின் மேல் என்ன போகிறது, எப்போது போகிறது என்று எழுதுங்கள்: "சம்பளப் பதிவு, மாதம் ஒருமுறை." ஒன்றை நிறுத்தினால் யாருக்குப் பாதிப்பு என்று பார்க்கும்போது வெளியே போகும் அம்புகளோடு உள்ளே வருபவற்றையும் பாருங்கள். கணக்கு மென்பொருள் நின்றால் சம்பளப் பதிவும் போக இடமில்லாமல் தேங்கி நிற்குமே.

படி 5: தப்போடு காட்டுங்கள்

"உங்கள் இன்டர்ஃபேஸ் விவரங்களை அனுப்பவும்" என்று மெயில் போட்டால் பதில் வராது. அரைகுறைப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு மேசையில் வையுங்கள், "இது தப்பு" என்று தானாகவே திருத்துவார்கள். வரைபடம் பழசாகாமல் இருக்க ஒரே வழி, பட்டியலில் வரி இல்லாத மென்பொருளுக்குக் கொள்முதல் ஒப்புதல் கிடையாது என்று நிர்வாகத்தைச் சொல்ல வைப்பது. அது கிடைக்காதவரை சில மாதங்களுக்கு ஒருமுறை நீங்களேதான் சுற்றி வர வேண்டும்.

பின்சேர்க்கை: துறைகளுக்கிடையே சுற்றும் எக்செல் கோப்பும் அப்ளிகேஷனா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது இல்லாமல் மாதக் கணக்கு முடியாது என்றால் ஆம், வரி போடுங்கள், பொறுப்பாளர் பெயரோடு.

இன்னொன்று, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்றவர்களுக்கு: எக்செல்லில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி அல்ல, 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்த கோப்பை மீட்க முடியாது, மூல எக்செல்லிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.