பேச முடியாத நாளுக்காக: முதியோர் இல்லத்தில் மருத்துவ விருப்பத்தை எழுதி வைப்பது எப்படி

முதியோர் இல்லத்தில் ஒருவர் சேரும்போது இரத்த வகை முதல் மாத்திரைப் பட்டியல் வரை கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஆனால், நினைவிழந்து கிடக்கும் நிலை வந்தால் வென்டிலேட்டர் வைக்கலாமா, மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுக்கலாமா என்பதைப் பிறகு பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இதற்குப் பதில் சொல்லும் உரிமை அவருக்கே உண்டு. அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்தை 'லிவிங் வில்' என்பார்கள். அதை மனத் தெளிவோடு இருக்கும்போது எழுதினால்தான் சட்டப்படி செல்லும் என்பதால், மறதி நோய் முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரே அமர்வில் முடித்துவிட எண்ணாமல், இரண்டு மூன்று மாலைப்பொழுதுகளை இதற்கென ஒதுக்குங்கள். படிவத்தை நீட்டுவதற்கு முன் அவரைப் பேசவிடுங்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா, ஆனா அங்கேயே விட்டுடாதீங்க" என்று ஒரு பாட்டி சொன்னால், "சிகிச்சை வேண்டாம்" என்று அதைச் சுருக்கி எழுதுவது பெரும் பிழை. குணமாகக்கூடிய நோய்க்கு மருத்துவமனைச் சிகிச்சை வேண்டும், மீள வழியில்லை என்று மருத்துவர்கள் உறுதி செய்தால் செயற்கைச் சுவாசம் வேண்டாம், வலியும் மூச்சுத்திணறலும் தணியும் மருந்துகளை மட்டும் கொடுத்து இல்லத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்து எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயங்க வைப்பது ஆகியவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்ட இந்த ஆவணத்தின் நடைமுறை, 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் இப்போது தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். சாட்சிகள் கூடுமானவரை சார்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதால், இல்ல ஊழியர்களையும் சொத்தில் பங்குள்ளவர்களையும் தவிர்ப்பதே நல்லது. அவர் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டோரை நியமிக்கலாம். மகன் அமெரிக்காவில் இருந்தால், ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய உறவினர் ஒருவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நியமிக்கப்பட்டவர்களுக்கும், குடும்ப மருத்துவருக்கும், உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலருக்கும் நகல் சேர வேண்டும்.

இதைக் காட்டி இல்லம் தானாக எந்தச் சிகிச்சையையும் நிறுத்த முடியாது. மருத்துவமனையின் முதல்நிலை, இரண்டாம்நிலை மருத்துவக் குழுக்கள் நோயாளியின் நிலையை ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வரும்.

இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது, ஆவணம் அலுவலக பீரோவிலும் சாவி மேலாளர் வீட்டிலும் இருந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஒரு நகலை நர்ஸ் மேசைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்து, இரவுப் பணியாளருக்கு அதைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்; நோயாளியோடு இன்னொரு நகலும் வண்டியில் ஏற வேண்டும். அவர் திரும்பி வந்து உடல் தேறியதும் மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருந்தால் புதிதாக எழுதி, அதே முறையில் சான்றொப்பம் பெற்று, பழைய நகல்களை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.