வகுப்பறைத் தளத்தை மெய்நிகர் கணினியில் பாதுகாப்பாக நடத்துதல்

கொழும்பில் உள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையோ தனியார் கல்வி நிலையமோ தன் மாணவருக்கென மூடில் (பாடங்களையும் வினாடிவினாக்களையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள்) தளமொன்றை நடத்த எண்ணினால், அதை அலுவலகக் கணினியில் நிறுவாமல், மேகச் சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கணினியில் நிறுவுவதே நல்லது. மின்சாரம் நின்றாலும் தளம் இயங்கும் என்பது இதில் கிடைக்கும் சிறிய வசதி. தளத்துக்குள் யாரேனும் ஊடுருவினாலும் அலுவலகத்தின் வினாத்தாள்களையும் சம்பளப் பட்டியலையும் அவரால் நெருங்க முடியாது என்பதே பெரிய காரணம். மும்பை அல்லது சிங்கப்பூர்த் தரவு மையத்தைத் தேர்ந்தெடுத்து, 2029 வரை வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் உபுண்டு இயங்குதளத்தின் 24.04 எல்.டி.எஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பை நிறுவலாம். நினைவகத்தைப் பதிவுசெய்த மாணவர் தொகையைக் கொண்டு கணக்கிட வேண்டாம். ஒரே நிமிடத்தில் வினாடிவினாவைத் திறக்கக்கூடியவர்களின் தொகையே அளவுகோல்.

மூடிலை நிறுவுமுன் வாயில்களை அடைக்க வேண்டும். நிர்வாகப் பணிக்கு ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள முதன்மைக் கணக்கு) அல்லாத தனிக் கணக்கொன்றை உருவாக்கி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச் இணைப்புக்குத் திறவுகோல் கோப்பை மட்டும் ஏற்குமாறு செய்து, கடவுச்சொல் வழி நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்துங்கள். இம்மாற்றத்தைச் செய்யும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்த பின்னரே வெளியேறுங்கள். இல்லாவிட்டால் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். பிறகு மேகச் சேவையின் தீச்சுவரில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அமைப்பில்), இணையப் பக்கங்களுக்கான 443, 80 ஆகிய துறைகளை (இணைப்பு வாயில்களை) அனைவருக்கும் திறந்து, எஸ்.எஸ்.எச்சுக்கான 22ஐ நிர்வாகியின் இணைய முகவரிக்கு மட்டும் விடுங்கள். தரவுத்தளத்தின் 3306 துறை வெளியுலகுக்குத் தெரியவே கூடாது, மரியாடிபி என்னும் தரவுத்தள மென்பொருள், அதே கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் செவிமடுத்தால் போதும்.

டொக்கர் கொள்கலனில் (மென்பொருளைத் தனிப்பொதியாக இயக்கும் முறையில்) நிறுவுவோருக்கு ஓர் எச்சரிக்கை: டொக்கர் வெளியிடும் துறைகள் உபுண்டுவிலேயே உள்ள யு.எஃப்.டபிள்யூ என்னும் தீச்சுவரின் விதிகளைத் தாண்டிச் செல்லும். மூடியதாக நினைத்த துறை திறந்தே கிடப்பது இவ்வாறுதான். மேகச் சேவையின் தீச்சுவரைத் தவிர்க்காதிருக்கச் சொல்வதும் இதனாலேயே.

டொமைன் பெயர் கிடைத்ததும் தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தகவலை மறையாக்க உதவும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் பெறுங்கள். அது 90 நாட்களில் காலாவதியாகுமென்பதால், சான்றிதழைப் பெற்றுத்தரும் செர்ட்பொட் மென்பொருள் அதைத் தானாகப் புதுப்பிக்கிறதா என்பதை ஒத்திகை ஓட்டத்தில் உறுதிசெய்யுங்கள். மாணவர் பதிவேற்றும் கோப்புகள் சேரும் மூடில்டேட்டா கோப்புறை, உலாவியால் நேரடியாக எட்ட முடியாத இடத்தில் இருப்பது கட்டாயம். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என அமைக்காவிட்டால் வினாடிவினா தவறான நேரத்தில் மூடிக்கொள்ளும். இது பாதுகாப்பு விடயமன்று, ஆனால் பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் வருவது இதற்காகவே.

கணக்குகளில்தான் உண்மையான கவனம் வேண்டும். மின்னஞ்சல் வழிச் சுயபதிவைத் திறந்து வைத்தால் விளம்பரக் கணக்குகள் விரைவில் குவிந்துவிடும். ஆகவே அதை மூடிவிட்டு, வகுப்புப் பதிவேட்டிலிருந்து சி.எஸ்.வி (அட்டவணையை எளிய எழுத்தாகச் சேமிக்கும்) கோப்பைத் தயாரித்து ஏற்றி, முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றுமாறு கட்டாயப்படுத்துங்கள். சுட்டெண்ணையோ பிறந்த திகதியையோ தற்காலிகக் கடவுச்சொல்லாகக் கொடுப்பது எளிது, ஆனால் பக்கத்து மேசை மாணவருக்கும் அது தெரியும். அண்ணனும் தங்கையும் அம்மாவின் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தும் வீடுகளுக்காக, ஒரே முகவரியில் பல கணக்குகளை அனுமதிக்கும் தெரிவு மூடிலில் உண்டு. ஆசிரியருக்கு ஆசிரியர் பொறுப்பு மட்டும் போதும்; தளநிர்வாகி உரிமை இருவருக்கு மேல் இருக்கக்கூடாது, அந்த இருவருக்கும் இரட்டை உறுதிப்படுத்தல் (கடவுச்சொல்லுடன் இன்னொரு சரிபார்ப்பும்) வேண்டும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. எனவே வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைத் தளத்தில் சேகரிக்காமல் விடுவதே சிறந்த பாதுகாப்பு. பாடசாலையை விட்டு விலகியவரின் கணக்கைத் தவணை முடிவில் நீக்கிவிடுங்கள்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்பட ஏற்பாடு செய்து, மூடிலின் சொந்தத் திருத்தங்களை விடுமுறை நாளில் கையால் இடுங்கள். தரவுத்தளம், மூடில்டேட்டா, மூடிலின் அமைப்புகள் உள்ள கன்ஃபிக் கோப்பு ஆகிய மூன்றையும் நாள்தோறும் நகலெடுத்து, மறையாக்கம் செய்து, வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். மேகச் சேவையின் அதே கணக்கிலுள்ள ஸ்னாப்ஷொட் (கணினியின் முழுப் பிரதி), அந்தக் கணக்கு பறிபோனால் அதனுடனேயே போய்விடும். தவணைக்கொரு தடவை, அந்த நகலைப் புதிய மெய்நிகர் கணினியில் மீட்டெடுத்து, ஒரு மாணவர் கணக்கால் நுழைந்து அவருடைய புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, அக்கணினியை அழித்துவிடுங்கள்.