நாண்ட் ஃபிளாஷ் இயக்கியின் பிழைதிருத்தப் பகுதியைச் சீராய்வது எப்படி

லினக்ஸ் கெர்னலில் ஃபிளாஷ் நினைவகங்களைக் கையாளும் எம்டிடி பிரிவுக்கு, நாண்ட் ஃபிளாஷ் எனும் சேமிப்புச் சில்லை இயக்கும் நிரல் (இயக்கி) ஒன்று சீராய்வுக்கு வந்தால், பக்கத்தைப் படிக்கும் செயற்கூறு எந்த எண்ணைத் திருப்பித் தருகிறது என்பதையே முதலில் பாருங்கள். நேர வரையறைகளில் உள்ள தவறு பெரும்பாலும் பலகையை இயக்கிய அன்றே தெரிந்துவிடும். பிழை எண்ணிக்கையைத் தவறாகச் சொல்லும் இயக்கியோ, சில்லு தேயும் வரை ஒழுங்காக இயங்குவதுபோலத் தோன்றி, அதன்பின் பயனரின் தரவை அழித்துவிடும்.

2048 பைட் பக்கமும் பிழைதிருத்தத் தகவல் போன்றவற்றுக்கான 64 பைட் உபரிப் பகுதியும் உள்ள ஒரு சில்லை எடுத்துக்கொள்வோம். 512 பைட் துண்டுக்கு 8 பிட் திருத்தும் பிசிஎச் எனும் பிழைதிருத்தக் குறிமுறைக்கு 13 பைட் வீதம், நான்கு துண்டுகளுக்கு 52 பைட் தேவை. அவை, பழுதான தொகுதியை (பல பக்கங்கள் சேர்ந்த அலகு) அடையாளம் காட்டும் பைட்டுகள் மேல் விழவில்லை என்பதைக் கணக்கிட்டு உறுதிசெய்யுங்கள்.

திருப்பித் தர வேண்டியது, எந்த ஒரு துண்டிலும் திருத்தப்பட்ட பிட்டுகளின் உச்ச எண்ணிக்கை. நான்கின் கூட்டுத்தொகை அன்று. கூட்டுத்தொகை புள்ளிவிவரக் கணக்கில் மட்டும் சேர வேண்டும். எச்சரிக்கை வரம்பு இயல்பாகத் திருத்தும் திறனில் முக்கால் பங்கு, அதாவது இங்கு 6. நான்கு துண்டுகளில் முறையே 2, 2, 1, 2 பிட்டுகள் புரண்ட பக்கத்துக்கு 7 என்று சொல்லும் இயக்கி, யூபிஐ எனும் தேய்மான மேலாண்மை அடுக்கை நல்ல தொகுதியையும் வீணாக இடம்மாற்ற வைக்கும். கடைசித் துண்டின் எண்ணை மட்டும் தரும் இயக்கி இதைவிட ஆபத்தானது. முதல் துண்டில் 7 பிட் புரண்டிருந்தாலும் எச்சரிக்கையே எழாது.

திருத்தவே முடியாத துண்டு வந்தால், தோல்விக் கணக்கை ஒன்று கூட்டிவிட்டு மற்ற துண்டுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும். அங்கேயே எதிர்மறைப் பிழை எண்ணுடன் வெளியேறும் இயக்கிகளில், வேறு மின்னழுத்த வரம்புடன் மீண்டும் படிக்கும் வாய்ப்பு பாதியிலேயே அடைபட்டுவிடுகிறது. எதிர்மறை எண்ணை நேரம் கடந்தது போன்ற உண்மையான வன்பொருள் தோல்விக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் அதிக நேரம் செலவிடுவது அழிக்கப்பட்ட பக்கங்களில்தான். எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் வெற்றுப் பக்கத்தில் ஒரே பிட் 0 ஆனாலும், பல கட்டுப்படுத்திகள் அதைத் திருத்த முடியாத பிழை என்றே அறிவிக்கும். இதற்காகக் கெர்னலிலேயே ஒரு துணைச் செயற்கூறு இருக்கிறது. அது பூஜ்ஜிய பிட்டுகளை எண்ணி, திறனுக்குள் அடங்கினால் துண்டை முழுதும் 1 ஆக்குகிறது. அதற்குத் தரவுடன் பிழைதிருத்த பைட்டுகளும் தரப்படுகின்றனவா என்று பாருங்கள். தரவை மட்டும் தந்தால், ஏறத்தாழ முழுதும் 1 ஆக எழுதப்பட்ட மெய்யான தரவும் வெற்றுப் பக்கமாகக் கருதப்படும். சோதனை துண்டுவாரியாகவே நடக்க வேண்டும். தோல்வியுற்ற திருத்த முயற்சியில் வன்பொருள் இடையகத்தை (படித்த தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) கலைத்திருக்கக்கூடும் என்றால், துண்டைத் திருத்தமின்றி மறுபடி படித்த பிறகே எண்ண வேண்டும்.

பிழைதிருத்தம் இன்றிப் பக்கத்தை அப்படியே படிக்கவும் எழுதவும் வழி இல்லாத இயக்கியை நான் ஏற்பதில்லை. அவை இன்றி இப்பாதையைச் சோதிக்க முடியாது. எம்டிடி கருவித்தொகுப்பின் நாண்ட்பிட்எர்ஸ் நிரலை, இழக்கத் தயாரான ஒரு தொகுதியில் படிப்படியாகப் பிட் புரட்டும் முறையில் இயக்கச் சொல்லுங்கள். முதல் துண்டில் 1 முதல் 8 வரை சரியான எண்ணுடன் திருத்தப்பட்டு, ஒன்பதாவது தோல்வி என அறிவிக்கப்பட வேண்டும். அந்த வெளியீட்டை, சீராய்வுக்கு அனுப்பும் நிரல்மாற்றத்தின் (பேட்ச்) குறிப்பிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.