சாப்பிட்டதும் உட்காராதீர்கள்

ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் எனக்கு 6.1 (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) வந்தபோது டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சாப்பிட்டதும் நடங்க" என்றார். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் எழுந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கவும். பேசிக்கொண்டே போகிற வேகம் போதும். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மூன்று வேளையும் முடியாதா? இரவு நடையையாவது விடாதீர்கள். அப்போதுதானே சோபா கூப்பிடுகிறது! என் போன் பேச்சையெல்லாம் அந்த நேரத்துக்குத் தள்ளிவிட்டேன். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

எடை மெஷினைவிட இன்ச் டேப் மேல். மூச்சை விட்டபின் தொப்புள் மட்டத்தில் அளக்கவும், வயிற்றை எக்காமல். அந்தச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது.

தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். குறைந்தால் இன்சுலின் மந்தமாகும், பசியும் கூடும்.

இதெல்லாம் சும்மா ஆறுதலுக்கு என்பவர்களுக்கு: 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, 7 சதவீத எடைக்குறைப்பு என்ற இலக்கோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான்.

எனக்கு முதலில் போனது மதிய மந்தம்தான். ரிப்போர்ட் அப்புறம்தான் மாறியது. ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் அடுத்த வாரமே லேபுக்கு ஓடாதீர்கள்.