குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு தெருத் தோட்டம்: செட் போடும் முறை

பொம்மைகள் நடிக்கும் அமெரிக்கக் குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்' 2016-இல் தன் செட்டிலுள்ள தெருவைப் புதுப்பித்தபோது அங்கே ஒரு பொதுத் தோட்டமும் வந்தது. 1970-களில் பாழடைந்து கிடந்த காலி மனைகளில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து பயிர் வைத்த ஊர் நியூயார்க். அதனால் அந்தத் தெருவுக்கு அது இயல்பாகவே பொருந்தியது. பொம்மையும் குழந்தையும் சேர்ந்து நடிக்க இதைவிட நல்ல களம் அமைவது கடினம். சிறிய அறையில் அதை 8 அடிக்கு 4 அடியில் எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

1. ஒரே குழாய், ஒரே பூவாளி, ஒரே களைக்கொத்து போதும். இரண்டிரண்டாக வைத்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது, கதையும் நகராது. 20 லிட்டர் கேனை மறைவாக உயரத்தில் வைத்துக் குழாய்க்கு இணைப்புக் கொடுங்கள். பூவாளிக்குள் ஒரு ஸ்பாஞ்ச் போடுங்கள். இல்லாவிட்டால் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் வசனம் கேட்காது.

2. 12 மி.மீ. பிளைவுட்டில் 3 அடி உயரப் பாத்தி செய்யுங்கள். முன்னால் 1 அடி அகலத் தொட்டி, பின்னால் 1 அடி அகலத் தொட்டி, நடுவே 2 அடி இடைவெளி. பொம்மையை இயக்குபவர் அந்த இடைவெளியில் தரையில் உட்காருவார். கேமராவில் பொம்மை எப்படித் தெரிகிறது என்று அவர் பார்க்க உள்ளே ஒரு சிறிய மானிட்டர் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையை இந்தப் பாத்தி தோள்வரை மறைத்துவிடும். ஆகவே பின்புறம் 1 அடி உயர மேடை போட்டு அதில் நிற்க வையுங்கள்.

பக்கத்தில் அடிப்பாகம் இல்லாத உரத்தொட்டி ஒன்றை வைத்தால் இன்னொரு பொம்மைக்கும் வழி கிடைக்கும். 'செசமி ஸ்ட்ரீட்'டில் குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கர் என்ற பொம்மை அப்படித்தான் உரத்தொட்டியிலிருந்தும் தலைகாட்டியது.

3. ஈரமான தோட்டமண் ஒரு கன அடிக்குச் சுமார் 40 கிலோ இருக்கும், பிளைவுட் தாங்காது. 6 அங்குல ஆழத் தொட்டியில் 4 அங்குலம் தெர்மாகோல், மேலே 2 அங்குலம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). கோகோபீட் காய்ந்தால் வெளுத்துவிடும். ஒரே காட்சியின் இரு ஷாட்டுகளில் மண் இரண்டு நிறமாகத் தெரியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். அந்த ஈரம் பொம்மையின் கையில் பழுப்புக் கறையாக ஏறும், எளிதில் போகாது. பொம்மை தொடும் இடத்தில் மட்டும் காய்ந்த மரத்தூளுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றித் தூவுங்கள்.

4. எல்.இ.டி. விளக்குகளே போதும், மற்றவற்றின் சூட்டில் இலை துவண்டுவிடும். ஒயர்களைத் தரையில் விடாமல் உயரே கட்டுங்கள். பச்சை நிறப் பொம்மையைச் செடிகளுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

5. கடைசியில் செடி. ஒரு மாத வளர்ச்சியை ஒரே நாளில் படமாக்க வேண்டியிருக்கும். சிவப்பு உருண்டை முள்ளங்கியைப் படப்பிடிப்புக்கு 30, 15, 5 நாள் முன்பாக மூன்று தவணையாகச் சிறு தொட்டிகளில் விதையுங்கள். முளை, இலை, கிழங்கு மூன்றும் ஒன்றாகக் கையில் இருக்கும். தெர்மாகோலில் துளை வெட்டித் தொட்டிகளை இறக்கினால் காட்சிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பிடுங்கும் காட்சிக்கு ஆறு முள்ளங்கியாவது தனியே வேண்டும், ஒவ்வொரு டேக்குக்கும் ஒன்று போய்விடும். அவற்றை முன்கூட்டியே எடுத்து, தளர்வான கோகோபீட்டில் செருகி வையுங்கள். அழுத்திப் புதைத்தால் குழந்தை இழுக்கும்போது இலை மட்டும் கையோடு வரும்.