அயர்லாந்தில் வேய்ந்த கூரை வீட்டுக்கு அரசு மானியமும் காப்பீடும் பெறுவது எப்படி?

அயர்லாந்தில் வைக்கோலோ நாணலோ வேய்ந்த பழைய வீட்டை வைத்திருப்பவரும் வாங்க நினைப்பவரும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டு அரசு கூரை வீடுகளுக்குக் காப்பீட்டாளராக நிற்பதில்லை. இந்த வீட்டை ஏற்றுக்கொள், இவ்வளவுதான் பிரீமியம் வாங்கு என்று ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிடவும் அதனால் இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்பீட்டு விதிகள் விலையையும் ஏற்பையும் நிறுவனத்தின் முடிவுக்கே விட்டுவிடுவதால், நிதியமைச்சரும் அயர்லாந்து மத்திய வங்கியும் அதில் தலையிட முடிவதில்லை. அரசின் பணம் கூரைக்கும் சுவருக்கும் புகைபோக்கிக்கும் வருகிறது. அந்தப் பணத்தால் நடக்கும் வேலையும், அதை ஒட்டி உருவாகும் ஆவணங்களும்தான் வீட்டைக் காப்பீட்டுக்கு உரியதாக்குகின்றன. ஆகவே மானியத்துக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகள் வைக்காமல், தொடக்கத்திலிருந்தே ஒரே கோப்பாகத் திரட்டுவது நல்லது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதன் காரணத்தை அறிந்தால் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விளங்கும். அடர்த்தியாகக் கட்டிய வைக்கோலுக்குள் காற்று எளிதில் புகாது என்பதால் நல்ல நிலையில் உள்ள கூரை சட்டென்று கொழுந்துவிட்டு எரிவதில்லை. ஆனால் உள்ளே கனன்று பரவிய தீயை அணைப்பது மிகக் கடினம். மழைநீரை வழியவிடுவதற்கென்றே அமைந்த பரப்பு, தீயணைப்புக் குழாயின் நீரையும் அவ்வாறே வழித்து வெளியே தள்ளிவிடுகிறது. கூரை வீட்டில் தீ என்றால் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் இழப்பீடு என்றே நிறுவனம் கணக்கிடுகிறது. அதோடு இத்தகைய வீடுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் இழப்பைப் பலரிடையே பகிர்ந்தளிக்கவும் வழியில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின், அங்கிருந்தபடியே அயர்லாந்தில் வணிகம் செய்யும் உரிமையை அந்நாட்டு நிறுவனங்கள் இழந்தன. ஏற்கெனவே சிலராக இருந்த காப்பீட்டாளர்கள் மேலும் சிலராயினர். வீட்டுக் காப்பீடு இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் தராது. கடன் கிடைக்காத வீடு விலைபோகாது. விலைபோகாத வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரை சில மழைக்காலங்களிலேயே உட்கார்ந்துவிடும். ஒரு நாட்டின் கட்டடக்கலை நெருப்பால் அழிவதைவிட இப்படிக் காகிதத்தால் அழிவதே எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

முதல் வேலை: வீட்டின் சட்டநிலையை அறிதல்

ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் வீடு அதில் உள்ளதா என்று மன்றத்தின் இணையதளத்தில் பாருங்கள்; அல்லது அங்குள்ள மரபு அலுவலரிடமோ கட்டடக்கலைப் பாதுகாப்பு அலுவலரிடமோ கேளுங்கள். பதிவேட்டில் இருந்தால், வீட்டின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும், அது சாதாரண வீட்டில் அனுமதி தேவைப்படாத சிறு வேலையாக இருந்தாலும், திட்ட அனுமதி வேண்டும். வேய்ந்த கூரையைப் பிரித்துவிட்டுக் கற்பலகை போடுவது அதில் முதன்மையானது. எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை எழுத்தில் பெற ஒரு வழி உண்டு. 2000-ஆம் ஆண்டின் திட்டமிடல் மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 57-ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ குடியிருப்பவரோ மன்றத்திடம் எழுத்துமூலம் அறிவிப்பு கேட்கலாம். மன்றம் 12 வாரங்களுக்குள் விடை தர வேண்டும். 2024-ஆம் ஆண்டின் புதிய திட்டமிடல் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பிரிவு செல்லும் என்பதை அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த அறிவிப்பைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். மானியக் குழு கேட்பது இதைத்தான். தீ விபத்துக்குப் பின் பழைய முறையிலேயே மீளக் கட்ட வேண்டிய கடமை உண்டா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டாலும் இங்கிருந்தே விடையைத் தொடங்க வேண்டும்.

எந்தப் பணம் எங்கிருந்து வரும்

வீட்டுவசதி, உள்ளாட்சி, மரபுத் துறை நிதி தருகிறது. உள்ளாட்சி மன்றங்கள் விண்ணப்பங்களை வாங்கித் தேர்ந்தெடுக்கின்றன. கட்டட மரபு முதலீட்டுத் திட்டம் சிறிய பாதுகாப்பு வேலைகளுக்கானது. உரிமையாளரும் தம் பங்கைப் போட வேண்டும். அண்மை ஆண்டுகளில் வேய்ந்த கூரைகளுக்கென்றே தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டிருப்பதால் விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடத் தவறாதீர்கள். பெரிய வேலைகளுக்கு வரலாற்றுக் கட்டட நிதி உண்டு. அண்மைச் சுற்றுகளில் அதன் முதல் பிரிவில் 15,000 முதல் 50,000 யூரோ வரையும், பொதுமக்களுக்குப் பயன் தரும் பெரிய பணிகளுக்கான இரண்டாம் பிரிவில் 50,000 முதல் 2,00,000 யூரோ வரையும் வழங்கப்பட்டன.

இவை தவிர, குடியிருக்கும் வீட்டின் கூரையைப் புதுப்பிக்கவும் பழுது பார்க்கவும் துறை நெடுங்காலமாக நடத்திவரும் தனி மானியமும் உண்டு. ஏற்கப்பட்ட செலவில் மூன்றில் இரண்டு பங்கு, உச்சவரம்பாக 3,810 யூரோ. குறிப்பிட்ட தீவுகளில் 5,714 யூரோ. அரசின் மருத்துவ அட்டை வைத்திருப்பவர் வாழும் வீட்டுக்கு 80 விழுக்காடு வரையும், உச்சவரம்பாக 6,350 யூரோவும், தீவுகளில் 8,252 யூரோவும் எனத் திட்டம் வகுத்துள்ளது. இந்தத் தொகைகள் ஐரிஷ் பவுண்டு புழங்கிய நாளில் 3,000, 4,500 என்று வைத்ததன் யூரோ மாற்றே. ஒரு கூரையை முழுமையாக வேய இன்று ஆகும் செலவில் இது சிறு பங்குதான். அரசு இதை உயர்த்தியாக வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் துறையின் ஆய்வாளர் வந்து பார்த்து ஏற்ற பிறகே வேலை தொடங்கும் என்பதால், அவரது வருகை உங்கள் கோப்புக்கு ஒரு வெளிச் சான்றாக அமைகிறது. நடப்பு விதிகளைத் துறையிடம் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

வீடு பூட்டிக் கிடந்ததாயின் காலி வீடு சீரமைப்பு மானியத்தையும் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாக இருந்த வீட்டுக்கு 50,000 யூரோ வரையும், பாழடைந்ததாக உறுதிசெய்யப்பட்டதற்கு 70,000 யூரோ வரையும் 2023 மே முதல் அத்திட்டத்தில் இடமுண்டு. பண்ணைத் தொழுவம், களஞ்சியம் ஆகியவற்றின் கூரைக்கு மரபு மன்றம் நடத்தும் பழைய பண்ணைக் கட்டட மானியம் பொருந்தும். குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. வீட்டை ஆண்டில் குறைந்தது 60 நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்க இயலுமாயின், 1997-ஆம் ஆண்டு வரிச் சட்டம் 482-ஆம் பிரிவின்கீழ்ப் பழுதுபார்ப்புச் செலவுக்கு வரிவிலக்கு கோரலாம். இதில் காப்பீட்டோடு நேரடியாகத் தொடர்புடைய ஓர் அம்சம் உண்டு. பார்வையாளர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம், பாதுகாப்பு அலாரம் போன்றவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 6,350 யூரோ வரை விலக்கில் அடங்கும்.

எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றே: ஒப்புதல் வரும் முன் ஒரு கட்டு வைக்கோலைக்கூடக் கூரைமேல் ஏற்றாதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் கிடைக்காது. கட்டட மரபு முதலீட்டுத் திட்டத்துக்கான அழைப்பு பெரும்பாலும் இலையுதிர்காலத்தை ஒட்டி வருகிறது. அடுத்த ஆண்டு அதே பருவத்துக்குள் வேலையை முடித்துக் கணக்கு கொடுத்தாக வேண்டும். நல்ல வேய்வோருக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருப்பதால், அழைப்பு வரும் முன்பே அவரிடம் பேசி மதிப்பீடு வாங்கி வையுங்கள். கூரையில் வௌவால்கள் தங்கியிருந்தால், அவை வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை என்பதால், தேசியப் பூங்கா மற்றும் வனவுயிர்ச் சேவையிடம் உரிமம் பெறும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது

"கூரை ஒழுகுகிறது, உதவி வேண்டும்" என்று எழுதும் விண்ணப்பம் தேறாது. அந்தப் பகுதிக்கே உரிய வேய்முறை எது, இப்போதுள்ள கூரையில் அதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, எதை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். டோனிகோல், மேயோ போன்ற மேற்குக் கரையோரங்களில் அட்லாண்டிக் காற்றைத் தாங்குவதற்காகக் கூரைமேல் கயிற்றை வலையாகப் பின்னி, சுவரில் பதித்த முளைகளில் இழுத்துக் கட்டுவர். நாட்டின் பெரும்பகுதியில் ஹேசல் அல்லது வில்லோ கழிகளைக் கொண்டை ஊசிபோல் வளைத்து வைக்கோலைக் குத்தி நிறுத்துவர். அடியில் புல்லோடு வெட்டிய மண்படலம் விரித்திருப்பதும் உண்டு. அந்த அடியடுக்குகள் பல தலைமுறை பழையவையாக இருக்கலாம். முழுக்கப் பிரித்து மரச்சட்டம் வரை போவதைவிட, கெட்டுப்போன மேலடுக்கை மட்டும் எடுத்துப் புதிதாக வேய்வதே பாதுகாப்பு நோக்கில் சரி; செலவும் குறைவு. ஓட்ஸ் வைக்கோல் வேய்ந்த வட்டாரத்தில் இறக்குமதி நாணல் நீடித்து உழைக்கும் என்று மாற்ற விரும்பினால், அதற்கு முன் பாதுகாப்பு அலுவலரின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் நாள் குறித்த படங்கள் எடுங்கள். முகடு, இறவாணம், புகைபோக்கி கூரையைத் தொடும் இடம் ஆகியவற்றை நெருக்கத்தில் எடுப்பது கட்டாயம். அரசு கேட்பதற்காக எடுக்கும் இந்தப் படங்களையே காப்பீட்டு ஆய்வாளரும் நாளை கேட்பார்.

தீத் தடுப்பு

காப்பீட்டு முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியே என்பதால் இதில் சற்று நிற்க வேண்டும். பழைய வீடுகளில் திறந்த கணப்பில், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய மட்கிய மண்கட்டி (பீட்) மெதுவாக எரிந்தது. அதே புகைபோக்கியில் விறகு அடுப்பைப் பொருத்தும்போது புகையின் வெப்பமும் வேகமும் கூடுகின்றன. உள்பூச்சு உதிர்ந்த புகைபோக்கியின் விரிசல் வழியே வெப்பம் வைக்கோலுக்குள் இறங்கலாம். மேல்வாயிலிருந்து தெறிக்கும் பொறி முகட்டில் விழலாம். ஆகவே புகைபோக்கியைக் கேமரா விட்டுப் பார்க்கச் செய்து அறிக்கை வாங்குங்கள். தேவையானால் உட்குழாய் போடுங்கள். புகைவாய் முகட்டிலிருந்து 1.8 மீட்டராவது உயர்ந்திருக்கும்படி அமையுங்கள். ஆண்டுக்கு இருமுறை துடைத்து, துடைத்தவரின் சான்றிதழைக் கோப்பில் வையுங்கள். நன்றாக உலர்ந்த விறகையன்றி ஈர விறகையோ, அட்டை, காகிதக் குப்பையையோ எரிக்காதீர்கள். பொறி தடுக்கும் வலையைப் புகைவாயில் மாட்டுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். தார் படிந்து அந்த வலை அடைபட்டு அதுவே தீப்பற்றும் பொருளாகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மின்கம்பிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்துச் சான்று பெறுங்கள். கூரையின் அடியில் பதித்து வைக்கும், வெப்பம் உமிழும் விளக்குகள் கூடாது. பரணில் புகையுணர் கருவியை வீட்டின் மற்றக் கருவிகளோடு இணைத்துப் பொருத்துங்கள். பழுது வேலைக்கு வருபவர் யாராக இருந்தாலும் தீநாக்குக் கருவி பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இவற்றில் மின்வேலை போன்ற வழக்கமான பராமரிப்பு மரபு மானியத்தில் அடங்கும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம். மானியத்தைக் கூரைக்கும் புகைபோக்கிக் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தி, மிச்சமாகும் சொந்தப் பணத்தை மின்கம்பிக்கு ஒதுக்குவதே முறை.

காப்பீட்டாளரிடம் செல்லும்போது

நேரடியாகப் பெரிய நிறுவனங்களின் இணையப் படிவத்தை நிரப்பினால், கூரை வகை என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும். வேய்ந்த வீடுகளைக் கையாண்ட தரகரைத் தேடுங்கள். அவருக்கு முழுக் கோப்பையும் அனுப்புங்கள்: சட்டநிலை அறிவிப்பு, வேய்வோரின் நிலை அறிக்கை, புகைபோக்கி, மின் சான்றுகள், மானிய ஒப்புதல் கடிதம், படங்கள், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் தொலைவு, நீர் எடுக்கும் இடம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, நிறுவனம் குறிப்பாகக் கேட்கும் கேள்விகளுக்கு நேர்மையாகவும் கவனத்தோடும் விடையளிப்பதே உங்கள் கடமை. விறகு அடுப்பு உண்டா என்ற கேள்விக்குத் தவறான விடை தந்து குறைந்த பிரீமியம் பெறுவது, இழப்பீட்டைத் தானே கைவிடுவதற்குச் சமம்.

தொகையை நிர்ணயிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அயர்லாந்துப் பட்டய அளவையாளர் சங்கம் வெளியிடும் மறுகட்டுமானச் செலவுக் கணக்கு சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கானது; மண்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வீட்டுக்கு அது பொருந்தாது. பழைய கட்டடங்களில் பயிற்சி பெற்ற அளவையாளரைக் கொண்டு தனி மதிப்பீடு செய்யுங்கள். மறுகட்டுமானத்துக்கு 4,00,000 யூரோ தேவைப்படும் வீட்டை 2,00,000 யூரோவுக்கு மட்டும் காப்பீடு செய்திருந்து, 60,000 யூரோவுக்குச் சேதம் ஏற்பட்டால், காப்பீட்டுத் தொகை குறைந்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விதி உள்ள பாலிசியில் கைக்கு வருவது 30,000 யூரோவாகவே இருக்கும். பாலிசி கிடைத்ததும் அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். புகைபோக்கியைத் துடைக்கும் இடைவெளி, வீடு எத்தனை நாள் ஆளின்றி இருக்கலாம், புயல் சேதத்தில் கழிக்கப்படும் தொகை ஆகிய மூன்றையும் குறிப்பாகப் பாருங்கள். 2025 சனவரி 24 அன்று எயோவின் புயல் மேற்குக் கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வீசியது என்பதை நினைத்தால், புயல் பிரிவைக் கைவிட்டுப் பிரீமியத்தைக் குறைப்பது எவருக்கும் தகாது.

மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். வாகனக் காப்பீட்டில் மறுக்கப்பட்டோரை ஏதேனும் ஒரு நிறுவனம் ஏற்க வேண்டும் என்று நிறுவனங்களிடையே உள்ள உடன்பாடு வீட்டுக்கு இல்லை என்றாலும், காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு நடத்தும் தகவல் சேவையைக் கட்டணமின்றி அணுகலாம். இழப்பீட்டைத் தீர்ப்பதிலோ பாலிசியை நடத்துவதிலோ நிறுவனம் முறைதவறினால், முதலில் அந்நிறுவனத்திடமே புகார் செய்து, தீராவிடில் நிதிச் சேவை மற்றும் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கும் கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தின் படியை உள்ளாட்சியின் மரபு அலுவலருக்கும் அனுப்புங்கள். கூரை வீடுகளுக்குக் காப்பீடு கிடைப்பதில்லை என்ற முறையீட்டுக்கு அத்தகைய கடிதங்களே எழுத்துச் சான்று.

பாலிசி முடியும் நாளுக்கு 20 வேலைநாள் முன்பே நிறுவனம் புதுப்பிப்பு அறிவிப்பை அனுப்ப வேண்டும் என்பது விதி. சாதாரண வீட்டுக்கு அந்தக் கால அளவு போதும். வேய்ந்த கூரை வீட்டுக்குப் போதாது. மூன்று மாதம் முன்பே புதிய சான்றுகளைச் சேர்த்துத் தரகரிடம் கொடுத்துவிடுங்கள்.